கல்குவாரிக்கு எந்தப் பெக்கோ? பத்தாயிரம் மணித்தியாலக் கணக்கை வைத்துத் தெரிவு செய்வது எப்படி

பெக்கோ (எக்ஸ்கவேட்டர்) வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன விலை?" அடுத்தது "எத்தனையாம் ஆண்டு மெஷின்?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் 30 தொன் எடை வகைப் பெக்கோ ஒன்று ஐந்து வருடம் குவாரியில் நின்றால், அது குடிக்கும் டீசலின் பெறுமதி மட்டும் அதை வாங்கிய காசைத் தாண்டிவிடும். திருத்தவேலை, மெஷின் ஊர்ந்து போகும் செயின், லீசிங் வட்டி, மெஷின் படுத்த நாட்களில் சும்மா நிற்கும் டிப்பர்களின் செலவு எல்லாம் அதற்கு மேல். வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் மொத்தச் செலவில் சிறிய பங்கைத்தான் பார்க்கிறார்.

இந்த வழிகாட்டி யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வன்னிப் பக்கம் கருங்கல் குவாரி நடத்துபவர்களுக்கும், நடத்த நினைப்பவர்களுக்கும். குடாநாட்டுக்குள்ளே சுண்ணக்கல் தோண்டும் வேலையை நம்பி யாரும் பெரிய மெஷின் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது. அதற்காகக் கல்லெடுத்த குழிகள் இன்றும் கிடக்கின்றன. நாம் குடிக்கும் கிணற்றுத் தண்ணீர் அந்தச் சுண்ணக்கல்லுக்குள்தான் இருக்கிறது. அங்கே அனுமதி இறுகுமே தவிர இளகாது, இளகவும் கூடாது.

முதல் வேலை: வருடத்துக்கு எத்தனை மணித்தியாலம்?

மெஷின் பட்டியலைத் திறக்க முன்னர் இந்த ஒரு எண்ணை எழுதி வையுங்கள். ஞாயிறு, போயா, பொங்கல், தீபாவளி போன்ற நாட்களைக் கழியுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையில் குவாரிக் குழிக்குள் தண்ணீர் நிற்கும் நாட்களைக் கழியுங்கள். வெடிவைக்க அனுமதி வரும்வரை காத்திருக்கும் நாட்களையும் கழியுங்கள். நல்ல குவாரிக்கு 250 நாள் மிஞ்சலாம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 2,000. பல பேருக்கு உண்மையில் 1,000ஐத் தாண்டாது. ஆசைப்பட்டு எண்ணைக் கூட்டாதீர்கள். கீழே வரும் கணக்கு முழுவதும் இந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது.

எவ்வளவு கல் அள்ள வேண்டும்?

பக்கெட் பெரிதென்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கல்லை நொறுக்கும் கிரஷர் எவ்வளவு கல் தின்னும், எத்தனை டிப்பர் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் அளவு தீர்மானமாகும்.

வெடிவைத்து உடைந்த கல்லை அள்ளும்போது பக்கெட் முழுதாக நிறையாது, 80 வீதம் என்று வைக்கலாம். இளகிக் கிடக்கும் உடைந்த கல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1.6 தொன். 30 தொன் மெஷினில் 1.4 கன மீற்றர் பக்கெட் பூட்டியிருந்தால் ஒரு அள்ளலுக்கு 1.8 தொன் அளவு. ஒரு அள்ளலுக்கு 20 செக்கன், மணித்தியாலத்தில் 50 நிமிடம் உண்மையான வேலை என்றால் 150 அள்ளல், அதாவது 270 தொன். டிப்பர் வர, திரும்ப, ஒதுங்க எடுக்கும் நேரத்தையும் கழித்தால் 200 தொன் என்பது நம்பக்கூடிய எண். 20 தொன் மெஷினின் 0.9 பக்கெட் ஒரு அள்ளலுக்கு 1.15 தொன் தரும். அதே கணக்கில் 170 தொன், காத்திருப்பைக் கழித்தால் 130 அளவு.

நாம் கல் விற்பது கியூபில். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர், உடைந்த கல்லில் நாலரைத் தொன். மூன்று கியூப் டிப்பரை நிரப்ப 30 தொன் மெஷினுக்கு எட்டு அள்ளல் போதும், 20 தொன் மெஷினுக்குப் பன்னிரண்டு. பெரிய சுரங்கங்களில் நாலு முதல் ஆறு அள்ளலில் லொறி நிரம்ப வேண்டும் என்று பார்ப்பார்கள். நமக்கு எட்டு பரவாயில்லை. பன்னிரண்டு என்றால் டிப்பர் வரிசையில் நிற்கத் தொடங்கும்.

கிரஷருக்கு மணித்தியாலத்துக்கு 100 தொன் போதும் என்றால் 20 தொன் மெஷினை வாங்குங்கள், டீசலிலேயே மிச்சம். 150க்கு மேல் வேண்டும் என்றால் 30 தொன். இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறுபவர்கள், பெரிய பாறைகளை உருட்டி ஒதுக்கும் வேலை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த வேலை கூட இருந்தால் 20 தொன் மெஷினின் பூமும் (தூக்கும் கை) மூட்டுப் பின்களும் சீக்கிரம் ஆடத் தொடங்கும்.

பிரேக்கர் பூட்டி உடைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கணக்கில் சேருங்கள். வழமையான தோண்டலில் 5,000 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றிருக்கும் ஹைட்ரோலிக் ஒயில் மாற்றம், முழுநேரமும் பிரேக்கர் அடித்தால் ஆயிரத்துக்கும் கீழே இறங்கும். பம்பும் அதே வேகத்தில் களைக்கும்.

எஞ்சின் எந்தத் தலைமுறை, உங்களுக்குக் கிடைப்பது எந்த டீசல்?

யப்பானிலிருந்து வரும் பழைய மெஷின்களில் இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 20 தொன் வகையான கொமட்சு பிசி 200-8 போன்றவை புகைவடிகட்டி இல்லாத தலைமுறை. அதற்கு அடுத்து யப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த பிசி 200-10 போன்றவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. இன்னும் புதியவற்றில் யூரியாத் திரவமும் ஊற்ற வேண்டும். மற்றக் கம்பனிகளின் மெஷின்களில் இந்த ஒழுங்கு கொஞ்சம் மாறலாம், மொடலுக்கு மொடல் கேட்டுப் பாருங்கள்.

அந்த வடிகட்டிக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். இங்கே அது சுப்பர் டீசல். சாதாரண ஓட்டோ டீசலைத் தொடர்ந்து ஊற்றினால் வடிகட்டி அடைபடும், மெஷின் தானாகவே சக்தியைக் குறைக்கும், கடைசியில் நிற்கும். ஆகவே புதிய தலைமுறை மெஷினை எடுப்பவர் சுப்பர் டீசல் விலையில்தான் கணக்குப் போட வேண்டும். குவாரிக்குப் பக்கத்து நிரப்பு நிலையத்தில் அது ஒழுங்காகக் கிடைக்குமா என்றும் நேரில் போய் விசாரியுங்கள். வடிகட்டியை வெட்டி எறிந்து மெஷினின் கணினியை ஏமாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம். பிறகு எஞ்சினில் எது பிழைத்தாலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது, விற்கப் போகும்போது விலையும் விழும்.

இப்போது கணக்கு

இரண்டு 30 தொன் மெஷின்களை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் முறையைக் காட்ட நான் வைத்தவை. விலையையும் வட்டியையும் நீங்கள் விசாரித்து எடுத்த எண்களால் மாற்றிப் போடுங்கள். ஐந்து வருடம், வருடத்துக்கு 2,000 என்று 10,000 மணித்தியாலம் திட்டம்.

பழையது: வாங்க 2 கோடி, ஐந்து வருடம் கழித்து விற்க 80 இலட்சம்.
புதியது: வாங்க 4 கோடி 50 இலட்சம், விற்க 2 கோடி 20 இலட்சம்.

பெறுமதித் தேய்வு பழையதில் 120 இலட்சம், புதியதில் 230 இலட்சம். வட்டியைக் கணக்கிட, வாங்கிய விலையையும் விற்கும் விலையையும் கூட்டி, இரண்டால் பிரித்து, 12 வீதத்தால் ஐந்து வருடத்துக்குப் பெருக்குங்கள். பழையதில் 84 இலட்சம், புதியதில் 201 இலட்சம். சொந்தக் காசு போட்டாலும் இந்த வரியை விடாதீர்கள். அந்தக் காசு வங்கியில் கிடந்தாலும் வட்டி தந்திருக்கும்.

அடுத்தது மெஷின் நிற்கும் நேரம். பழையது திட்டமிட்ட நேரத்தில் 80 வீதம் வேலை செய்யும், புதியது 92 வீதம் என்று வைப்போம். அப்போது பழையது 8,000 மணித்தியாலம், புதியது 9,200. ஒப்பரேட்டருக்குத் திட்டமிட்ட நேரம் முழுவதற்கும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அதை மணித்தியாலத்துக்கு 1,000 ரூபாவாக எடுக்கிறேன்.

வேலை செய்த ஒரு மணித்தியாலத்துக்கு இப்படி வரும்:

தேய்வும் வட்டியும்: பழையது 2,550, புதியது 4,685
ஒப்பரேட்டர்: 1,250, 1,087
டீசல் லீற்றர் 300 ரூபாப்படி, 24 லீற்றர், 21 லீற்றர்: 7,200, 6,300
ஒயில், பில்டர்: 500, 500
பெரிய திருத்தங்கள்: 2,000, 900
செயின் பகுதி: 700, 700
பக்கெட், பல்: 400, 400
மொத்தம்: பழையது 14,600, புதியது 14,572

விலையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசமான இரண்டு மெஷின்கள் மணித்தியாலச் செலவில் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. இதோடு கணக்கை மூடிவிட வேண்டாம். பெக்கோ படுத்தால் கிரஷரும் டிப்பர்களும் சேர்ந்தே படுக்கும். அந்தச் சும்மா நிற்றலுக்கு மணித்தியாலம் 4,000 ரூபா என்று வைத்தால் பழையதின் கணக்கில் இன்னும் 1,000 ஏறும், புதியதில் 348. இப்போது பழையது 15,600, புதியது 14,920. மணித்தியாலத்துக்கு 200 தொன், அதாவது 44 கியூப் அளவு என்றால் கியூபுக்கு 354 ரூபாவும் 339 ரூபாவும். பதினைந்து ரூபாதானே என்று விட்டுவிடாதீர்கள், ஐந்து வருடத்தில் அது 60 இலட்சத்தைத் தாண்டும்.

வேலை பாதியாகி வருடத்துக்கு 1,000 மணித்தியாலம் மட்டும்தான் என்றால்? மற்றதெல்லாம் அப்படியே இருக்க, பழையது 18,150 ஆகும், புதியது 19,605. முடிவு தலைகீழ். இந்த எண்களின்படி வருடத்துக்கு ஏறத்தாழ 1,500 மணித்தியாலத்தில் இரண்டும் சமம். அதற்கு மேல் உறுதியான வேலை உள்ளவருக்குப் புதியது, கீழே உள்ளவருக்கு நல்ல பழையது. முதலில் எழுதி வைக்கச் சொன்ன எண் இதற்காகத்தான்.

2022ஐக் கணக்குக்குள் கொண்டு வாருங்கள்

நம் நாட்டில் ஒரே விலையை வைத்து ஐந்து வருடக் கணக்குப் போட முடியாது. 2022 தொடக்கத்தில் ஓட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. அதே வருட ஆனி கடைசியில் 460. டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360க்குப் போனது. வருடக் கடைசியில் அரசு கடன் எடுக்கும் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. இது மூன்றும் ஒரே நேரத்தில் அடித்தபோது வடக்கில் எத்தனையோ மெஷின்கள் வளவுக்குள் மூடிக்கிடந்தன.

ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றிப் பாருங்கள். டீசல் 460 என்றால் பழையது 19,440, புதியது 18,280. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் மெஷினின் பலம் கூடுகிறது. வட்டி 24 வீதம் என்றால் பழையது 16,650, புதியது 17,105. பெரிய கடன் உள்ள மெஷின் தோற்கிறது. புதியதை லீசிங்கில் எடுக்க நினைப்பவர் வட்டி வீதம் நிலையானதா, இடையில் மாறக்கூடியதா என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்க்க வேண்டும். தவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்கால மூன்று மாதம் வருமானம் இல்லாமல் தவணை கட்டக் கையில் காசு இருக்கிறதா? இல்லையென்றால் கணக்கில் வென்ற மெஷினையும் பறிகொடுக்க நேரிடும்.

பழையதைப் பார்க்கப் போகும்போது

விற்பவருக்குச் சொல்லாமல் விடியவே போங்கள். எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி எடுக்கிறது, எந்த நிறத்தில் புகை வருகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

செயினுக்கு ஒரு அளவு நாடா போதும். செயினை இழுத்து இறுக்கமாக வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து நாலு கண்ணி தள்ளி அடுத்த பின்னின் நடு வரை அளவுங்கள். பிசி 200 வகையில் புதிய செயினுக்கு 76 சென்ரிமீற்றர், 30 தொன் பிசி 300 வகையில் 86.5 அளவு. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டிருந்தால் பின்னும் புஷ்ஷும் முடியப் போகின்றன. செயினை இழுக்கும் ஸ்ப்ரொக்கெட் பற்கள் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் அதைத்தான் சொல்லும். முழுச் செயின் பகுதியையும் மாற்றும் செலவை அந்த இடத்திலேயே விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

சிலிண்டர் தண்டின் மீது விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது நகம் தடக்கினால் குரோமில் புள்ளி விழுந்திருக்கிறது, சீல் நிற்காது. துறைமுகம், கடற்கரை வேலைகளில் நின்ற மெஷின்களில் இது அதிகம். வயர் இணைப்புகளைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக்காற்று தின்ற வயரிங் கொடுக்கும் தொல்லைக்கு முடிவே இராது.

பக்கெட்டில் கல்லை நிரப்பி உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் நிற்க விடுங்கள். பூம் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு. சமதரையில் நேராக ஓட்டினால் ஒரு பக்கம் இழுக்கிறதா? பம்ப் அல்லது செயின் மோட்டார் ஒன்று களைத்திருக்கிறது. ஹைட்ரோலிக் பில்டரை வெட்டிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் நல்லது. மஞ்சள் நிற மினுக்கம் இருந்தால் பம்பின் உள்ளே பித்தளைப் பகுதி தேய்கிறது, அந்த மெஷினை விட்டுவிடலாம்.

மணித்தியால மீற்றரை நம்பாதீர்கள். கொமட்சு, ஹிட்டாச்சி, கேட்டர்பிலர் மூன்றுக்கும் மெஷின் தரவைத் தூரத்திலிருந்து பதியும் ஒழுங்கு இருக்கிறது. தொடர் இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மிதிபலகை ரப்பர், இருக்கை, லீவர் பிடி மூன்றையும் பாருங்கள். மீற்றரில் 5,000 என்றிருக்க மிதிபலகை இரும்பு தெரியத் தேய்ந்திருந்தால் பேசவே தேவையில்லை.

பார்ட்ஸ் எங்கே, மெக்கானிக் எங்கே?

கொழும்பு நமக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கே உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் காலையில் கிடைக்கும் சாமான் இரவு பஸ்ஸில் ஏறி, விடிய யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து குவாரிக்குப் போய்ச் சேர ஒரு நாள் போய்விடும். பஞ்சிகாவத்தையில் இல்லாத சாமானுக்கு வாரக்கணக்கு. ஆகவே ஊரில் அதிகம் ஓடும் மொடலையே எடுங்கள் என்பேன், கொஞ்சம் விலை கூடினாலும் சரி. வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்து மெக்கானிக் பழகிய மெஷின் அரை நாளில் எழும்பும். அரிய மொடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மேலே வைத்த 80 வீதம் 65க்கு இறங்கிவிடும்.

வாங்க முன்னர் ஐந்து சாமான்களின் பெயரை எழுதிக்கொண்டு போய் விலையும் இருப்பும் கேளுங்கள்: பிரதான பம்ப், சுழல் மோட்டார், இன்ஜெக்டர், செயின் ரோலர், கன்ட்ரோலர் (மெஷினின் கணினி). ஐந்தில் மூன்றுக்கு "எடுத்துத் தரலாம்" என்ற பதில் வந்தால் அந்த மொடலை ஒதுக்குங்கள். ஹோஸ், சீல் கிட், பக்கெட் பல், பில்டர் எல்லாம் குவாரியிலேயே ஒரு தொகுதி இருக்கட்டும்.

பெரிய சுரங்கங்களின் ஒழுங்கு

கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துப் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுச் சுரங்கங்களுக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் பகுதி. லீபெர் ஆர் 9800, ஹிட்டாச்சி இஎக்ஸ் 8000 போன்ற 800 தொன் அளவு எடையுள்ள மெஷின்களுக்கும் கணக்கு இதேதான். எண்கள்தான் பெரியவை. இரவு பகலாக ஓடி வருடத்துக்கு 6,000 மணித்தியாலம், ஆயுளுக்கு 60,000 என்று திட்டமிடுவார்கள். அங்கே எஞ்சின் உடையும்வரை ஓட்டமாட்டார்கள். குறித்த மணித்தியாலம் வந்ததும் நன்றாக ஓடும் எஞ்சினையும் கழற்றி, ஏற்கெனவே சீரமைத்து வைத்ததைப் பூட்டிவிடுவார்கள். திடீரென்று நின்றால் பின்னால் வரிசையாக நிற்கும் லொறிகளின் நட்டம் எஞ்சின் விலையை விடப் பெரிதாகும் என்பதுதான் காரணம். நாமும் இதில் ஒன்றை எடுக்கலாம்: பம்ப், எஞ்சின் போன்ற பெரிய வேலைகளை மழைக்காலத்துக்குத் தள்ளி, மெஷின் எப்படியும் நிற்கும் நாட்களில் செய்விப்பது.

வாங்கிய பிறகு

ஒரு கொப்பி போதும். தினமும் மீற்றர், ஊற்றிய டீசல், ஏற்றிய டிப்பர் எண்ணிக்கை, நின்ற நேரமும் காரணமும். ஒப்பரேட்டரே எழுதட்டும். டிப்பருக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தப் பழக்குங்கள். சும்மா உறுமும் நேரமும் மீற்றரில் ஏறும், சேர்விஸ் நாள் கிட்ட வரும், விற்கும் விலை இறங்கும். ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் ஒரு சிறு போத்தலில் பழைய ஒயிலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, மண்துகள் எவ்வளவு என்று தெரியும். மண்துகள் ஏறினால் காற்று வடிகட்டிக் குழாயில் எங்கேயோ ஓட்டை. அதை அன்றே அடைத்தால் எஞ்சின் தப்பும்.

மாதத்துக்கு ஒருமுறை கொப்பியைக் கூட்டிக் கியூபுக்கு எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். அந்த எண் தொடர்ந்து மூன்று நாலு மாதம் ஏறிக்கொண்டே போய், பெரிய எஞ்சின் வேலையும் நெருங்கினால், வேலையைச் செய்வதற்கு முன்னரே விற்பதா, செய்து இன்னும் 5,000 மணித்தியாலம் ஓட்டுவதா என்று இதே கணக்கை இன்னொரு முறை போடுங்கள். விற்பதென்றால் அந்தக் கொப்பியையும் ஒயில் பரிசோதனைத் தாள்களையும் மெஷினோடு சேர்த்து மேசையில் வையுங்கள், வாங்க வருபவர் விலையைக் குறைத்துப் பேச அவ்வளவு இடம் இராது.